காற்றில் ஒரு வரிசை – 9: காதைத் திறந்து வைக்கும் செலவு

சென்ற பகுதியில் ஹவாய்த் தீவுகளில் இருந்தோம். நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவினரும் 1971-இல் ஓடவிட்ட அலோஹா வலையமைப்பில் யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அனுப்பலாம். இரண்டு பாக்கெட்டுகள் மோதிவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பலாம். இப்படி நடந்தால் சேனலில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் பயன்படும் என்றது கணக்கு. நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் அனுப்ப வைத்தபோது அது 36.8 ஆனது. பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் முறையை 1975-இல் கிளைன்ராக்கும் டொபாகியும் ஆராய்ந்து எழுதியபின் இன்னும் ஏறியது. இத்தனை பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சேனலின் நேரத்தில் எவ்வளவு வீணாகாமல் மிஞ்சுகிறது? ரேடியோவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சே எழவில்லை. சுவரில் பிளக் இருந்தது.

இனி பிளக் இல்லாத ரேடியோக்களின் கதை.

1990-களின் கடைசியில், பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ் பிஸ்டர் ஒரு திட்டத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையிடம் பணம் வாங்கினார். உணரும் கருவி, கணினி, ரேடியோ மூன்றையும் ஒரு கன மில்லிமீட்டருக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது கனவு. 'ஸ்மார்ட் டஸ்ட்' என்று பெயர். தூசி அளவுக்கு எதுவும் சுருங்கவில்லை. ஆனால் அந்தச் சூழலில் பிறந்த, தீப்பெட்டி அளவுக்குச் சற்று முன்பின்னான 'மோட்' என்ற சிறு பலகைகள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. அவற்றில் ஓடுவதற்கென்று டேவிட் கல்லரும் அவர் மாணவர் ஜேசன் ஹில்லும் மற்றவர்களும் 'டைனிஓஎஸ்' என்ற இயங்குதளத்தை எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பலகைக்கு அடியில் இரண்டு ஏஏ பேட்டரி. அவ்வளவுதான் சொத்து.

2002 கோடையில் இந்த மோட்களில் 32-ஐ எடுத்துக்கொண்டு ஒரு குழு அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவுக்குப் போனது. லீச்சின் ஸ்டார்ம் பெட்ரல் என்ற சிறிய கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகிறது. மனிதர் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் கூட்டையே விட்டுவிடக்கூடிய பறவை. எனவே வளைக்குள் ஒரு மோட், வெளியே வானிலை பார்க்க ஒரு மோட் என்று வைத்துவிட்டு, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தரவைப் பெர்க்லியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நான்கு மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் வந்தன.

அந்தக் குழு போட்ட ஒரு கணக்குதான் நமக்கு முக்கியம். ஒரு பருவம் என்பது ஒன்பது மாதம். இரண்டு ஏஏ பேட்டரியிலிருந்து நிஜமாக எடுக்கக்கூடியது சுமார் 2200 மில்லி ஆம்பியர்-மணி. வகுத்தால் ஒரு நாளைக்கு 8 மில்லி ஆம்பியர்-மணிக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். இதற்குள் அளக்கவும் வேண்டும், யோசிக்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். இந்தக் கணக்கோடு, ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பல மோட்களில் ஏறி உட்கார்ந்த சிசி2420 என்ற ரேடியோ சிப்பின் அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். முழுச் சக்தியில் அனுப்பும்போது அது இழுப்பது 17.4 மில்லி ஆம்பியர். கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுப்பது 18.8.

தட்டச்சுப் பிழை இல்லை. பேசுவதைவிடக் கேட்பதற்குக் கொஞ்சம் அதிகம் செலவாகிறது. குறைந்த தூர ரேடியோவில் வெளியே தள்ளும் சக்தி ஒரு மில்லிவாட் அளவுதான். மெல்லிய சிக்னலைப் பிடித்துப் பெருக்கி, பிரித்து, பிட்டாக மாற்றும் சுற்றுகளுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டியிருக்கிறது. அதுவும், யாரும் பேசாதபோதும் வேண்டியிருக்கிறது. அன்றைய 8 மில்லி ஆம்பியர்-மணி முழுவதையும் ரேடியோவுக்கே எழுதிவைத்தாலும் நாளொன்றுக்கு 26 நிமிடம்தான் காது திறந்திருக்கலாம். இரவும் பகலும் திறந்து வைத்தால் ஐந்து நாளுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

'பேசுமுன் கேள்' என்று 1975-இல் வந்த அறிவுரை இங்கே உதவாது என்பதல்ல சிக்கல். அந்த அறிவுரை, எதிராளி எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. சென்சார் வலையமைப்பில் எதிராளி தூங்குகிறார். அனுப்புகிறவரும் தூங்குகிறவர்தான். ஒரு நாளில் 98 சதவீதத்துக்கு மேல் தூங்கும் இரண்டு பேர் எந்தக் கணத்தில் சந்திப்பார்கள்? இதற்குப் பிறகு இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளும், சந்திப்புக்கான செலவை யார் தலையில் கட்டுவது என்ற ஒரே வழக்கின் வாதங்கள்தான் என்பது என் கருத்து.

முதல் வாதம் 2002 ஜூனில், நியூயார்க்கில் நடந்த இன்ஃபோகாம் மாநாட்டில் வந்தது. வேய் யே, ஜான் ஹைட்மன், டெபோரா எஸ்ட்ரின் மூவரும் எழுதிய கட்டுரை. அவர்கள் முறைக்கு எஸ்-மேக் என்று பெயர். அந்தக் கட்டுரையின் பெரிய கொடை முறை என்று நான் சொல்லமாட்டேன். வீணாகும் சக்தியை அது வகை பிரித்துக் காட்டியது. மோதல் ஒன்று. அடுத்தவருக்கு வந்த பாக்கெட்டை நாமும் கேட்பது ஒன்று. கட்டுப்பாட்டுச் செய்திகளின் சுமை ஒன்று. இவை எல்லாவற்றையும்விட, யாரும் பேசாத வெற்றுச் சேனலைக் காத்துக்கொண்டிருப்பது. அலோஹா காலத்தினர் முதலாவதோடு மட்டும் மல்லுக்கட்டியவர்கள். கடைசியாகச் சொன்னதுதான் பேட்டரியைத் தின்னும் பேய் என்று இந்த மூவர் எழுதிய பிறகு, அதை மறுத்து யாரும் எழுதவில்லை.

எஸ்-மேக்கின் வழி எளியது. பக்கத்து நோட்கள் (மோட் போன்ற, வலையமைப்பின் ஒவ்வொரு கருவியும் ஒரு நோட்) சேர்ந்து தூங்கும், சேர்ந்து விழிக்கும். விழிக்கும் நேரத்தை ஒரு சிறு செய்தியில் அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவைக்கும். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் போட்டி போட்டுச் சேனலைப் பிடிக்கும். தனக்கு இல்லாத பேச்சு என்று தெரிந்தால் அது முடியும்வரை மறுபடி தூங்கும். பத்து நொடிக்குள் ஒரு செய்தி என்ற அளவுக்குப் போக்குவரத்து இருக்கும்போது, வைஃபை பாணி முறை இதைவிட 2 முதல் 6 மடங்கு சக்தியைச் செலவழித்தது என்று அளந்து காட்டினார்கள்.

குறை என்னவென்றால், விழிப்பு நேரம் முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டது. செய்தி இல்லாவிட்டாலும் விழித்திருக்க வேண்டும். செய்தி குவிந்தால் நேரம் போதாது. பல நோட் தாண்டிப் போகும் செய்தி ஒவ்வொரு படியிலும் ஒரு தூக்கம் காத்திருக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தைஸ் வான் டாமும் கோயன் லாங்கென்டுனும் 2003-இல் கொண்டுவந்த டி-மேக், 'சிறிது நேரம் எதுவும் கேட்கவில்லையா, உடனே தூங்கு' என்று அதை நெகிழ்த்தியது. நல்ல யோசனை, ஆனால் பக்கத்து நோட் பேச வாயெடுக்கும் முன்பே இது தூங்கிவிடும். அதற்கு ஒரு ஒட்டு, அந்த ஒட்டுக்கு மேல் இன்னொரு ஒட்டு என்று போனது.

டெல்ஃப்ட் குழு 2005-இல் ஒரு உருளைக்கிழங்கு வயலில் நூற்றுக்கும் மேற்பட்ட நோட்களை நட்டது. வெப்பமும் ஈரப்பதமும் அளந்து, இலைக்கருகல் நோய் வருமுன் விவசாயிக்குச் சொல்ல வேண்டும். அளவீடுகளில் மிகச் சிறு பங்குதான் வந்து சேர்ந்தது. ஒரு காரணம் என்று சொல்லமுடியாத அளவுக்குப் பல காரணங்கள், பெரும்பாலும் மென்பொருளின் அடுக்குகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டதால் வந்தவை. அவர்கள் அதை மறைக்காமல், மர்ஃபிக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும் என்று பொருள்படும் தலைப்பிலேயே 2006-இல் கட்டுரை எழுதினார்கள். தவறக்கூடியது தவறியே தீரும் என்ற விதியின் அதே மர்ஃபி. இந்தத் துறையில் நுழையும் மாணவர் எவரும் வெற்றிக் கட்டுரைகளுக்கு முன் இதைப் படிக்கவேண்டும்.

இதற்கிடையே பெர்க்லியில் காற்று வேறு பக்கம் வீசியது. ஜோசப் பொலாஸ்ட்ரே, ஜேசன் ஹில், டேவிட் கல்லர் 2004-இல் கொடுத்த பி-மேக், நேர ஒப்பந்தமே வேண்டாம் என்றது. ஒவ்வொரு நோடும் தன் விருப்பப்படி, உதாரணமாக 100 மில்லி நொடிக்கு ஒருமுறை, சட்டென்று விழித்துச் சேனலில் சலசலப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உடனே தூங்கும். அனுப்புகிறவர், செய்திக்கு முன்னால் 'பிரியாம்பிள்' என்ற பொருளற்ற சிக்னலை அந்த 100 மில்லி நொடி முழுவதும் நீட்டி அனுப்புவார். யார் எப்போது விழித்தாலும் அது காதில் விழும்; விழித்தவர் செய்தி வரும்வரை காத்திருப்பார். நடுராத்திரியில் ஊரிலிருந்து வந்தவர், உள்ளே யாராவது புரண்டு படுக்கும்வரை கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது மாதிரி.

கேட்பவரின் சுமை இப்படித் தட்டுபவர் தலைக்கு மாறியது. அரிதாகப் பேசும் வலையமைப்பில் இது லாபம்தான்; ஒரு நாளில் ஒரு நோட் சில நூறு முறை பேசும், ஆனால் கேட்கவேண்டிய கணங்கள் லட்சக்கணக்கில். சேனல் காலியா என்று முடிவுசெய்வதிலும் பி-மேக் ஒரு நுட்பம் சேர்த்தது. ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாமல், சில அளவுகளை எடுத்து, அவற்றில் ஒன்றாவது இரைச்சல் மட்டத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால் காலி என்று கொண்டது. உண்மையான பாக்கெட் ஓடும்போது அப்படி இறங்காது. வெறும் இரைச்சல் அடிக்கடி இறங்கும். இந்தச் சிறு திருத்தம் வீண் விழிப்புகளைக் குறைத்தது. பி-மேக் டைனிஓஎஸ்ஸின் வழக்கமான முறையாகிப் பல ஆண்டு நிலைத்தது. எல்லாவற்றையும் தானே செய்ய முயலாமல், மேலுள்ள மென்பொருள் திருகிக்கொள்ளச் சில திருகாணிகளை விட்டுவைத்ததுதான் அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் தட்டுகிற சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. பிரியாம்பிளில் யார் பெயரும் இல்லை. சுற்றியிருக்கும் பத்து நோடும் தனக்குத்தான் என்று எண்ணிக் கடைசிவரை காத்திருந்து, வேறு பெயரைக் கேட்டு ஏமாந்து தூங்கும்.

இதைத் தீர்த்ததில் கோட்பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, கடையில் கிடைத்த சிப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு. 2003-இல் ஐஇஇஇ 802.15.4 என்ற தரநிலை வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 16 சேனல், நொடிக்கு 250 கிலோபிட், ஒரு பாக்கெட்டுக்கு 127 பைட் வரை. அந்தத் தரநிலைக்கென்று வந்த சிசி2420 பிரியாம்பிளைத் தானே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் விரும்பிய நீளத்துக்கு இழுக்க விடாது. பி-மேக் அதில் அப்படியே ஓடமுடியாமல் போனது. கொலராடோ பல்கலைக்கழகத்து மைக்கேல் பட்னரும் தோழர்களும் 2006-இல் எக்ஸ்-மேக்கில் இந்தத் தடையையே வழியாக்கினார்கள். ஒரே நீளச் சத்தத்துக்குப் பதில் சிறுசிறு பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் பெறுநர் முகவரி, நடுவில் இடைவெளி. உரியவர் விழித்ததும் இடைவெளியில் 'வந்துவிட்டேன்' என்று சொல்வார், தட்டுவது நிற்கும். மற்றவர்கள் ஒரு துண்டைக் கேட்டதும் திரும்பிப் படுப்பார்கள். பிரியாம்பிள் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது.

ஸ்விட்சர்லாந்தின் சிஎஸ்இஎம் ஆய்வு நிலையத்தில் அம்ரே எல்-ஹொய்தி இதற்குச் சற்று முன்பே இன்னும் ஆழமாக யோசித்திருந்தார். அவருடைய வைஸ்மேக்கில், செய்தி கிடைத்தது என்று பதில் தரும் நோட் தன் அடுத்த விழிப்பு எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லும். அடுத்த முறை அனுப்புகிறவர் சரியாக அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கினால் போதும். எவ்வளவு முன்னால்? இரு கடிகாரங்களும் இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு விலகியிருக்கக்கூடுமோ அவ்வளவு. ஆடம் டங்கெல்ஸ் 2011-இல் சுவீடனிலிருந்து வெளியிட்ட கான்டிகிமேக் இந்த இரண்டு யோசனையையும் சேர்த்து முறுக்கி, ரேடியோவை ஏறக்குறைய 99 சதவீத நேரம் அணைத்தே வைத்தது. 2008-இல் வந்த ஆர்ஐ-மேக், பெறுநரே விழித்ததும் 'எனக்கு ஏதாவது இருக்கிறதா' என்று குரல் கொடுக்கட்டும், அனுப்புகிறவர் மௌனமாகக் காத்திருக்கட்டும் என்று வழக்கைத் தலைகீழாக்கியது. சேனலில் வீண் சத்தம் குறைந்ததால் நெரிசலில் அது நன்றாக ஓடியது.

தரநிலையில் எழுதியிருந்த முறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது கொஞ்சம் வருத்தமான கிளைக்கதை. அதன் வழக்கமான அமைப்பில், அனுப்ப விரும்பும் நோட் முதலில் 0 முதல் 7 வரை ஓர் எண்ணை எடுத்து, அத்தனை 320 மைக்ரோநொடித் துண்டுகள் காத்திருக்கும். அதிகபட்சம் 2.24 மில்லி நொடி. ஒரு முழு நீளப் பாக்கெட் காற்றில் ஓடவோ 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஒரே அறிவிப்புச் சிக்னலைக் கேட்டு விழித்த இருபது நோடும் ஒரு பாக்கெட்டின் நீளம்கூட இல்லாத சந்துக்குள் ஒரே சமயத்தில் நுழையும். ஐந்து முறை சேனல் பிஸியாக இருந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். பீசா நகரத்து ஆய்வாளர்கள் உட்பட இத்தாலியக் குழு ஒன்று 2011-இல் இதை விரிவாக அலசி, பழுது முறையிலேயே இல்லை, அதற்குக் கொடுத்த எண்களில்தான் என்று காட்டியது. எண்களைத் தாராளமாக்கினால் நம்பகம் கூடியது. அதுவரை எத்தனை கட்டுரைகள் இந்த எண்களைத் தொடாமலேயே தரநிலையைப் பழித்திருந்தன!

இந்தக் கட்டத்தில் வைஸ்மேக்கின் கடிகார யோசனையைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போனவரிடம் வரவேண்டும். அவர் நாம் தொடக்கத்தில் பார்த்த பிஸ்டரேதான். 2002-இல் அவர் டஸ்ட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். வாங்க வந்தவர்கள் பறவை ஆர்வலர்கள் அல்லர். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள். அவர்களுக்குச் சராசரி சக்திச் சேமிப்பைப் பற்றி ஆர்வம் குறைவு. அளவீடு வந்தே ஆகவேண்டும், பேட்டரி பல ஆண்டு நிற்கவேண்டும், இரும்புக் குழாய்க் காட்டுக்குள் ஓடவேண்டும்.

அங்கே வேறொரு பகையும் இருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். குழாய்களில் பட்டு எதிரொலிக்கும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால், அந்தச் சேனல் அந்த இடத்தில் செத்ததுதான். ஆன்டெனாவைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினால் பிழைக்கும். ஆலையில் யார் நகர்த்திக்கொண்டிருப்பார்கள்? ஆன்டெனாவுக்குப் பதில் சேனலை நகர்த்தினால் அதே பலன்.

ஆக, நேரத்தை 10 மில்லி நொடிக் கட்டங்களாக வெட்டினார்கள். ஒரு கட்டத்தில் ஒரு பாக்கெட்டும் அதற்கான பதிலும் அடங்கும். இன்ன கட்டத்தில் இன்னார் இன்னாருக்கு, இன்ன சேனலில் என்று அட்டவணை. வலையமைப்பு பிறந்ததிலிருந்து எத்தனையாவது கட்டம் என்ற எண்ணோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டி, சேனல் எண்ணிக்கையால் வகுத்த மீதியே சேனலைத் தீர்மானிக்கும். எனவே ஒரே ஜோடி ஒவ்வொரு முறையும் வேறு சேனலில் சந்திக்கும். இன்று ஒரு சேனலில் வைஃபை மிதித்தாலும் அடுத்த முயற்சி வேறிடத்தில்.

அட்டவணைக்காரர்களைப் பார்த்து ஆய்வுலகம் வெகுநாள் தயங்கியது. எல்லாக் கடிகாரமும் ஒத்துப்போகவேண்டுமே, அதற்கு ஆகும் செலவு? கணக்கு போட்டால் பயம் தெளிகிறது. மலிவான கிரிஸ்டல் இரண்டு, ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் 40 பங்கு விலகி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி நொடி பிசக 25 நொடி ஆகும். பெறுநர் ஒரு மில்லி நொடி முன்னதாகவே காதைத் திறந்து வைத்தால் போதும். 25 நொடிக்குள் ஏதாவது ஒரு பாக்கெட் பரிமாறினால் அதிலேயே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். விலகலின் வேகத்தையே கற்றுக்கொண்டால் இன்னும் நீண்ட நேரம் சும்மா இருக்கலாம்.

2007-இல் ஆலைகளுக்கான வயர்லெஸ்ஹார்ட் தரநிலை இந்த வழியில் வந்தது. ஐஇஇஇ தன் தரநிலையில் 2012-இல் டிஎஸ்சிஹெச் என்ற பெயரில் அதைச் சேர்த்தது. அதன்மேல் இணைய நெறிமுறையை ஓட்ட 2013-இல் 6டிஷ் பணிக்குழு அமைந்தது. அட்டவணையை யார் போடுவது என்ற தகராறு மட்டும் மிஞ்சியது. 2015-இல் ஆர்கெஸ்ட்ரா என்ற முறை, யாரும் போடவேண்டாம், ஒவ்வொரு நோடும் தன் முகவரியிலிருந்தும் அண்டையின் முகவரியிலிருந்தும் கட்டத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்று காட்டியது. பேச்சுவார்த்தைக்கான செய்தி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

யார் வென்றார்கள் என்றால், நம்பகம் வேண்டிய இடத்தில் அட்டவணை வென்றுவிட்டது. இதில் எனக்கு ஐயமில்லை. எப்போதாவது பேசும், அடிக்கடி இடம் மாறும் கருவிகளுக்கு அட்டவணை தண்டம். அங்கே பிரியாம்பிள் வழியினர் இன்றும் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும்.

இந்த இரு கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று இருந்தது: ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடாது. 2011-இல் சூரிச்சில் சிலர் அதையும் மறுத்தார்கள். எல்லோரும் ஒரே பாக்கெட்டை, அரை மைக்ரோநொடிக்குள் ஒத்திசைத்து, ஒரே நேரத்தில் அனுப்பட்டும், மோதல் உதவியாக மாறும் என்றார்கள். அவர்களுடைய 'கிளாஸி' முறையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)